பைத்தான் 3.14: பிழைச் செய்தியைப் படிக்கக் கற்றுக்கொடுப்போம்

(சேலம், நாமக்கல் பகுதி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பைத்தான் மொழியின் புதிய பதிப்பில் என்னென்ன வந்திருக்கின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி பயிற்சி ஒருங்கிணைப்பாளர் கேட்டுக்கொண்டார். இந்த அரங்கில் கணினி ஆசிரியர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்கள். "கணினி ஆசிரியருக்குரிய பேச்சு இது, நமக்கு என்ன வேலை?" என்று அவர்கள் நினைக்க வேண்டாம். நான் பேசப்போவது பெரும்பாலும் பிழை திருத்துவதைப் பற்றி. அது நம் எல்லோருக்கும் அன்றாட வேலை.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் 2019 முதல் பைத்தான் இருக்கிறது. மாறிகள், கட்டுப்பாட்டு அமைப்புகள், செயற்கூறுகள், சரங்கள், சிஎஸ்வி கோப்புகள் என்று பாடநூலின் பெரும்பகுதி பைத்தானைச் சார்ந்தது. எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இப்போது டிஎன் ஸ்பார்க் திட்டத்தின் வழியாக நடுநிலை வகுப்புகளுக்கும் நிரலாக்க அறிமுகம் வந்திருக்கிறது. ஆகவே இன்று ஆறாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியரும் நாளை "நிரல் ஓடவில்லை சார்" என்று சொல்லும் குழந்தையைச் சந்திக்கத்தான் போகிறார்.

பதிப்பு எண்ணைப் பற்றிக் கொஞ்சம்

நெதர்லாந்தின் சிடபிள்யூஐ என்ற தேசியக் கணித ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய கைடோ வான் ராஸம் உருவாக்கிய பைத்தான் 1991-இல் வெளிவந்தது. பாடநூலிலும் இது இருக்கிறது. மூன்றாம் தலைமுறையான 3.0 பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. இரண்டாம் தலைமுறைக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று நிறுத்தப்பட்டது. இப்போது ஆண்டுக்கு ஒரு பதிப்பு, அக்டோபர் மாதத்தில் வருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள் ஆதரவு உண்டு. 3.14 பதிப்பு 2025 அக்டோபர் 7 அன்று வெளியானது.

இந்த எண்ணைப் பலர் தசம எண்ணாகப் படிக்கிறார்கள். மூன்று புள்ளி ஒன்பதுக்குப் பிறகு மூன்று புள்ளி பத்து வந்தது; அது மூன்று புள்ளி ஒன்று ஆகாது. கணக்கு ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். 3.9-ஐ விட 3.14 புதியது. மாணவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், குழப்பம் குறையும்.

உங்கள் ஆய்வகத்தில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஐடில் சாளரத்தைத் திறந்தாலே முதல் வரியில் எண் தெரியும். விண்டோஸ் 7 உள்ள பழைய கணினிகளில் 3.8 வரைதான் நிறுவ முடியும். அந்தப் பதிப்புக்கு 2024 அக்டோபரில் ஆதரவு முடிந்துவிட்டது. 3.9 முதல் 3.12 வரை விண்டோஸ் 8.1 வேண்டும். 3.13-க்கும் 3.14-க்கும் விண்டோஸ் 10 வேண்டும். எல்லாக் கணினிகளிலும் 3.14 ஏற முடியாவிட்டாலும், ஏறக்கூடிய இரண்டு மூன்றிலாவது நிறுவிவிடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மாறிகள், மடக்குகள், பட்டியல்கள், செயற்கூறுகள் என்று பாடநூல் கற்பிக்கும் அடிப்படைகள் புதிய பதிப்பிலும் அப்படியேதான் இருக்கின்றன. அந்தப் பயம் வேண்டாம்.

3.14-இல் வந்தவை

பெரிய செய்திகளாகப் பேசப்படுபவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்-சரம் என்று ஒன்று முன்பே உண்டு. சரத்துக்குள்ளேயே மாறியின் மதிப்பைச் செருகலாம். அதைப்போல டி-சரம் என்ற புதிய வகை வந்திருக்கிறது. இது மதிப்பை உடனே சரத்தோடு கலந்துவிடாமல் தனியாக வைத்துக் கொடுக்கும். வலைப்பக்கம், தரவுத்தளம் போன்றவற்றில் தவறான உள்ளீடு நுழையாமல் சோதிக்க உதவும். பல பணிகளை ஒரே நேரத்தில் இணையாக இயக்கத் தடையாக இருந்த பூட்டு நீக்கப்பட்ட ஒரு வடிவம் 3.13-இல் சோதனையாக வந்தது, 3.14-இல் அதற்கு முறையான ஆதரவு கிடைத்திருக்கிறது. கோப்புகளைச் சுருக்குவதற்கு ஒரு புதிய நூலகமும் சேர்ந்திருக்கிறது.

மென்பொருள் நிறுவனங்களுக்கு இவை முக்கியம். நம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இப்போதைக்கு இவை பெயரளவில் தெரிந்தால் போதும். நமக்குப் பெரியது வேறொன்று. 2021-இல் வந்த 3.10 தொடங்கி 3.14 வரை, ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பைத்தானின் பிழைச் செய்திகள் மாறியிருக்கின்றன. தொடக்கநிலை மாணவருக்குப் புரியும்படி எழுதப்பட்டிருக்கின்றன.

பழைய செய்தியும் புதிய செய்தியும்

ஆறாவது வரியில் ஒரு மாணவர் அடைப்புக்குறியைத் திறக்கிறார், மூட மறந்துவிடுகிறார். பழைய பதிப்பு என்ன செய்யும்? ஏழாவது வரியைக் காட்டி "செல்லாத தொடரியல்" என்று சொல்லும். ஏழாவது வரியில் எந்தத் தவறும் இருக்காது. மாணவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருப்பார். அழிப்பார், மறுபடி அதையே தட்டச்சு செய்வார், மறுபடியும் அதே செய்தி வரும். நாற்பது நிமிடப் பாடவேளையில் இருபது நிமிடம் அதிலேயே போய்விடும். புதிய பதிப்பு ஆறாவது வரியில் திறந்த அடைப்புக்குறியையே சுட்டி, "'(' மூடப்படவே இல்லை" என்று சொல்கிறது.

இஃப் கூற்றின் முடிவில் முக்காற்புள்ளி விட்டுப்போனால் "':' எதிர்பார்க்கப்படுகிறது" என்கிறது. ஒப்பிடும் இடத்தில் ஒற்றைச் சமக்குறி போட்டால் "'==' என்று எழுத நினைத்தீர்களோ?" என்று கேட்கிறது. உள்தள்ளல் இல்லாவிட்டால் எந்த வரியில் உள்ள எந்தக் கூற்றுக்குப் பிறகு உள்தள்ளல் வேண்டும் என்று வரி எண்ணோடு சொல்கிறது. இவையெல்லாம் 3.10-இல் வந்தவை.

2022-இல் வந்த 3.11, ஒரு வரிக்குள் எந்தப் பகுதியில் பிழை என்று கீழே குறியிட்டுக் காட்டத் தொடங்கியது. இரண்டு லாரிகளின் மைலேஜைக் கணக்கிட்டுக் கூட்டும் ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டரை டீசல் லிட்டரால் வகுக்கும் செயல் அதில் இரண்டு முறை வரும். ஒரு லாரிக்கு டீசல் அளவு 0 என்று உள்ளிட்டுவிட்டால், பழைய பதிப்பு "பூச்சியத்தால் வகுத்தல்" என்று வரியை மட்டும் காட்டும். புதியது எந்த வகுத்தல் என்பதையும் காட்டும்.

3.12-இல், மேத் தொகுதியை இறக்குமதி செய்யாமல் பயன்படுத்தினால் "'மேத்' தொகுதியை இறக்குமதி செய்ய மறந்துவிட்டீர்களா?" என்ற கேள்வி வந்தது. 3.13-இல் வந்தது எனக்கு மிகவும் பிடித்தது. சிஎஸ்வி பாடத்துக்கு நிரல் எழுதும் பிள்ளைகள் தம் கோப்புக்கே சிஎஸ்வி என்று பெயர் வைத்துச் சேமிப்பார்கள். பிறகு அந்த நிரல் பைத்தானின் சிஎஸ்வி தொகுதியைத் தேடும்போது தன்னையே எடுத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க ஆசிரியருக்கே நேரம் ஆகும். இப்போது "இந்தக் கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள், நூலகத் தொகுதியின் பெயரும் இதுவும் ஒன்றாக இருக்கின்றன" என்று அதுவே சொல்கிறது.

3.14-இல் கட்டளைச் சொற்களின் எழுத்துப்பிழையும் சேர்ந்துகொண்டது. வைல் என்ற சொல்லில் 'எல்' எழுத்தை இரண்டு முறை தட்டிவிட்டால், "'வைல்' என்று எழுத நினைத்தீர்களா?" என்று கேட்கிறது. எல்ஸ் பகுதிக்குப் பிறகு எலிஃப் எழுதினால் அந்த வரிசைப் பிழையைத் தனியாக எடுத்துச் சொல்கிறது.

இந்த மாற்றம் எப்படிச் சாத்தியமானது? நிரலைப் படித்துப் பகுக்கும் உள்பகுதி 2020-இல் வந்த 3.9-இல் புதிதாக எழுதப்பட்டது. பழைய பகுப்பான் ஒரு நேரத்தில் அடுத்த ஒரு சொல்லை மட்டும் பார்த்து முடிவெடுக்கும். புதியது இன்னும் தூரம் பார்த்து, "இங்கே எழுதுபவர் என்ன செய்ய வந்தார்?" என்று ஊகிக்க இடம் தருகிறது. பாப்லோ கலிண்டோ சல்காடோ உள்ளிட்டோர் அதன்மேல் இந்தச் செய்திகளைக் கட்டினார்கள்.

சி++ சுவிட்ச் எங்கே போனது?

பதினொன்றில் சி++ படித்துவிட்டு வரும் பிள்ளைகள் பன்னிரண்டில் கேட்கும் கேள்வி இது. 3.10 முதல் பைத்தானில் மேட்ச் கூற்று உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் வண்டி எண்ணைக் கொடுப்பேன். லாரிப் பட்டறைகளுக்கு நடுவில் வளரும் பிள்ளைகள். டிஎன் என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவார்கள். கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

மேட்ச் எண்:
    கேஸ் 28: பிரிண்ட்("நாமக்கல் வடக்கு")
    கேஸ் 88: பிரிண்ட்("நாமக்கல் தெற்கு")
    கேஸ் 34: பிரிண்ட்("திருச்செங்கோடு")
    கேஸ் 30: பிரிண்ட்("சேலம் மேற்கு")
    கேஸ் 54: பிரிண்ட்("சேலம் கிழக்கு")
    கேஸ் _: பிரிண்ட்("வேறு ஊர்")

சி++ சுவிட்சில் பிரேக் எழுத மறந்தால் அடுத்த கேஸும் சேர்ந்து இயங்கும். இங்கே அப்படி இல்லை. பொருந்திய ஒன்று மட்டும் இயங்கும். கடைசியில் உள்ள அடிக்கோடு, சுவிட்சின் டிஃபால்ட் போன்றது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். பொதுத்தேர்வில் பாடநூலில் உள்ளபடி இஃப், எலிஃப், எல்ஸ் என்றே எழுதச் சொல்லுங்கள். மேட்ச் ஒரு கூடுதல் அறிவு. மதிப்பெண்ணை அதில் பணயம் வைக்க வேண்டியதில்லை.

செய்தி நல்லது, ஆனால் ஆங்கிலத்தில் இருக்கிறது

இப்போது என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். மேலே நான் தமிழில் சொன்ன அத்தனை செய்திகளும் திரையில் ஆங்கிலத்தில்தான் வரும். என் வகுப்பில் இருப்பவர்கள் தமிழ்வழிப் பிள்ளைகள். தறி ஓட்டுபவர்கள், கோழிப்பண்ணையில் வேலை செய்பவர்கள், லாரிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஐடில் சாளரத்தில் சிவப்பு எழுத்து வந்ததும் அவர்களில் பலர் அதைப் படிப்பதே இல்லை. அது தம்மைத் திட்டுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மாணவி முதல் இரண்டு செய்முறை வகுப்புகளில் சிவப்பு எழுத்தைக் கண்டதும் திரையையே அணைத்துவிடுவார். "எனக்கு இது வராது சார்" என்று ஜூலை மாதத்திலேயே முடிவு செய்துவிட்டார். பாடத்தைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு பிள்ளை அதிலிருந்து வெளியேறிவிடுகிறது. பிற்காலத்தில் கல்லூரியில் எந்தப் படிப்பை எடுப்பது என்பது வரை அந்த முடிவு தொடரும்.

அந்த வகுப்பில் நான் ஒரு வழக்கத்தைத் தொடங்கினேன். பிழை வந்தால் என்னைக் கூப்பிடுவதற்கு முன் கடைசி வரியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். உச்சரிப்பைப் பற்றிக் கவலையில்லை. வாசித்தபின் அதைப் பிழை நோட்டில் எழுத வேண்டும். நோட்டில் நான்கு பத்திகள்: திரையில் வந்த செய்தி, அதன் தமிழ்ப் பொருள், எந்த வரி, என்ன மாற்றினேன். ஒரு மாதம் கழித்து அதே மாணவி என்னைக் கூப்பிட்டு, "ஆறாவது வரியில பிராக்கெட் மூடல, அதானே சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மூடியும்விட்டார்.

வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்கு நான் பயன்படுத்தும் பட்டியலைச் சொல்கிறேன். இவை அகராதிப் பொருள் மட்டுமல்ல, பிள்ளைகளிடம் சொல்லும் விளக்கமும் சேர்ந்தவை.

சின்டாக்ஸ் எரர்: தொடரியல் பிழை. எழுதிய முறை தவறு. அடைப்புக்குறி, முக்காற்புள்ளி, மேற்கோள்குறி ஆகியவற்றை முதலில் பார்.

இன்டென்டேஷன் எரர்: உள்தள்ளல் பிழை. வரி தொடங்கும் இடம் தவறு.

நேம் எரர்: பெயர்ப் பிழை. இந்தப் பெயரில் எதையும் நீ இன்னும் உருவாக்கவில்லை. அல்லது எழுத்து மாறிவிட்டது.

டைப் எரர்: தரவினப் பிழை. எண்ணோடு சரத்தைக் கூட்டப் பார்க்கிறாய்.

வேல்யூ எரர்: மதிப்புப் பிழை. முழு எண் கேட்ட இடத்தில் 1,500 என்று காற்புள்ளியோடு கொடுத்துவிட்டாய்.

இன்டெக்ஸ் எரர்: சுட்டெண் பிழை. பட்டியலில் ஐந்து பேர் இருக்க, இல்லாத ஆளைக் கூப்பிடுகிறாய். எண்ணிக்கை 0-இல் தொடங்கும் என்பதை நினைவில் வை.

கீ எரர்: திறவுகோல் பிழை. அகராதியில் இல்லாத சொல்லைத் தேடுகிறாய்.

மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்: கேட்ட தொகுதி இந்தக் கணினியில் இல்லை. உன் தவறாக இல்லாமலும் இருக்கலாம், ஆசிரியரிடம் கேள்.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எல்லாப் பிழையும் தன்னுடைய பிழை என்று நினைக்கும் பிள்ளைக்கு அதைச் சொல்வது முக்கியம். இந்தப் பட்டியலுக்கு ஆங்கில ஆசிரியரின் உதவியையும் கேளுங்கள். எதிர்பார்க்கப்படுகிறது, வரையறுக்கப்படவில்லை, மூடப்படவில்லை என்ற மூன்று நான்கு வினைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. செயப்பாட்டுவினை பாடம் நடத்தும் வாரத்தில் அவர் இவற்றை எடுத்துக்காட்டாகச் சொன்னால், பிள்ளைகளுக்கு இரண்டு பாடமும் ஒன்றாகப் புரியும்.

மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. பைத்தான் 3 யூனிகோடு எழுத்துகளைப் பெயர்களில் ஏற்கிறது. முட்டை = 5000 என்று எழுதினால் அப்படியே இயங்கும். தேர்வில் பாடநூல் முறையையே பின்பற்றட்டும். தொடக்க வாரங்களில் பயம் போவதற்கு இது நல்ல வழி. கட்டளைச் சொற்களும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழியும் பைத்தானின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

கணினி சொல்லாத பிழைகள்

செய்திகள் இவ்வளவு தெளிவாகிவிட்டால் ஆசிரியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மூன்று எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

முதலாவது. மூன்று பாட மதிப்பெண்கள் 72, 58, 35. மாணவர் மார்க்1, மார்க்3 இரண்டையும் எழுதிவிட்டு மார்க்2-ஐ உள்ளிட மறந்துவிட்டார். சராசரி கணக்கிடும் வரியில் பைத்தான் நிற்கும். மார்க்2 என்ற பெயர் இல்லை, "மார்க்1 என்று எழுத நினைத்தீர்களா?" என்று கேட்கும். எழுத்தளவில் நெருங்கிய பெயர் அதுதான். மாணவர் கணினி சொன்னபடி மாற்றினால் நிரல் ஓடிவிடும். சராசரி 55 வரவேண்டிய இடத்தில் 59.67 வரும். சிவப்பு எழுத்து இல்லை, ஆனால் விடை தவறு. "நினைத்தீர்களா?" என்பது ஒரு கேள்வி. அதற்கு "இல்லை" என்றும் பதில் சொல்லலாம் என்பதை நாம்தான் கற்றுத்தர வேண்டும்.

இரண்டாவது. நாமக்கல்லில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 5000 முட்டை, தட்டுக்கு 30 வீதம் எத்தனை தட்டு நிறையும்? ஒற்றைச் சாய்வுக்கோடு போட்டு வகுத்தால் 166.666 என்று வரும். இரட்டைச் சாய்வுக்கோடு போட்டால் 166 வரும். மீதிக் குறியைப் பயன்படுத்தினால் 20 முட்டை மிச்சம். மூன்றும் பிழையில்லாமல் ஓடும். பண்ணையில் தட்டு அடுக்குபவருக்கு எது வேண்டும், வண்டியில் ஏற்ற 166 தட்டு போதுமா 167 வேண்டுமா என்பது கேள்வியைப் புரிந்தவருக்குத்தான் தெரியும். ஐந்தாம் வகுப்பில் மீதியோடு வகுத்தல் நடத்தும் ஆசிரியர் போட்ட அடித்தளம் இங்கேதான் உதவுகிறது.

மூன்றாவது, கோப்பின் பாதை. மாணவர் ஒருவர் சி டிரைவில் சேலம் என்று ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் ஒரு கோப்புறை வைத்து, பாதையை எழுதும்போது ஒற்றைப் பின்சாய்வுக் கோடு போடுகிறார். கோட்டுக்குப் பின்னால் 'எஸ்' வருகிறது. அதற்குத் தனிப்பொருள் இல்லாததால் நிரல் ஓடும். 3.12 முதல் ஓர் எச்சரிக்கை தெரியும்; 3.14 அதை இன்னும் விளக்கமாகச் சொல்லி, கோட்டை இரண்டாகப் போடலாமே என்று கேட்கிறது. அடுத்த மாணவர் கோப்புறைக்கு நாமக்கல் என்று பெயர் வைக்கிறார். இப்போது கோட்டுக்குப் பின்னால் 'என்' வருகிறது. அது புதிய வரி என்று பொருள்படும். எச்சரிக்கை எதுவும் வராது, ஆனால் கோப்பு திறக்காது. சேலத்துக்கு ஓடிய நிரல் நாமக்கல்லுக்கு ஓடவில்லை! ராசிபுரம், திருச்செங்கோடு என்று வைத்தாலும் இதே கதைதான். 'ஆர்', 'டி' இரண்டுக்கும் அங்கே தனிப்பொருள் உண்டு. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், பின்சாய்வுக் கோட்டை வாழ்நாளில் மறக்க மாட்டார்கள்.

தமிழாசிரியர்களுக்கு ஒன்று. பைத்தானிடம் சேலம் என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும். நாம் எண்ணினால் சே, ல, ம் என்று மூன்று. நாமக்கல்லுக்கு அது 8 சொல்லும், நமக்கு ஐந்துதான். ஏகாரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனி வரியுருவாக எண்ணுகிறது. தமிழ் எழுத்துகளாகப் பிரிப்பதற்கு ஓப்பன்-தமிழ் என்ற திறந்த மூல நூலகம் இருக்கிறது. உயிர்மெய் பாடத்தையும் சரங்கள் பாடத்தையும் ஒரே நாளில் இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தலாம்.

தாளில் எழுதும் தேர்வு

ஒரு நியாயமான ஐயம் உண்டு. "பொதுத்தேர்வு தாளில் நடக்கிறது. அங்கே முக்காற்புள்ளி விட்டுப்போனால் எந்தச் செய்தியும் வராது. கணினியே எல்லாவற்றையும் சொல்லிப் பழக்கினால் பிள்ளை தேர்வில் என்ன செய்யும்?" இதே காரணத்தால் பழைய பதிப்பையே வைத்திருப்பது நல்லது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. பழைய செய்தி யாரையும் முக்காற்புள்ளி போடப் பழக்கியதில்லை, நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டது. புதிய செய்தியைப் படித்து, நோட்டில் எழுதி, பத்து முறை திருத்திய பிள்ளைக்கு அது கையில் ஊறிவிடுகிறது. அதோடு வாரம் ஒரு முறை கணினி இல்லாத பாடவேளை ஒன்று வைக்கிறேன். பிழையுள்ள நிரல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள்தான் பைத்தான். எந்த வரியில் நிற்பாய், என்ன செய்தி கொடுப்பாய் என்று அவர்கள் எழுத வேண்டும். பிறகு ஒருவர் கணினியில் ஓட்டிச் சரிபார்ப்பார். முதல் வாரங்களில் வரி எண்ணைத்தான் சொல்வார்கள். போகப்போக, செய்தியையும் ஏறக்குறைய அப்படியே சொல்லத் தொடங்குவார்கள். இது தேர்வுக்கு நேரடிப் பயிற்சி. ஆய்வகத்தில் மின்சாரம் இல்லாத நாளிலும் நடத்தலாம்.

நம் எல்லோருக்கும்

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டு முடிக்கிறேன். பைத்தானை உருவாக்குபவர்கள் ஐந்து பதிப்புகளாகச் செய்தது என்ன? தவறு என்று மட்டும் சொல்லாமல், எந்த இடம், என்ன விட்டுப்போனது, நீ என்ன நினைத்திருப்பாய் என்று சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். நாம் கட்டுரை நோட்டில் போடும் சிவப்புச் சுழியையும் பெருக்கல் குறியையும் அந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு நிலையில் இருக்கும் குழந்தைக்கு 'தவறு' என்ற குறி எதையும் சொல்வதில்லை. "இங்கே கால் விட்டுப்போச்சு, 'படம்' எழுதினியா 'பாடம்' எழுதினியா?" என்று கேட்டால் அது தானே போட்டுவிடும். அறுபது நோட்டுகளுக்கு இப்படி எழுத நேரம் இருக்காது, எனக்கும் தெரியும். எல்லாப் பிழைக்கும் வேண்டாம். ஒரு நோட்டில் ஒரு பிழைக்காவது எழுதலாம்.

கணினி ஆசிரியர்களுக்கு மூன்று வேலைகள். இந்த வாரம் ஆய்வகத்தின் பதிப்பு எண்ணைப் பாருங்கள். முடிந்த கணினிகளில் புதியதை நிறுவுங்கள். பிழைச் சொற்களின் தமிழ்ப் பட்டியலை உங்கள் வகுப்புக்கு ஏற்ப எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நான் கொடுத்ததில் விளக்கம் சரியில்லை என்றால் மாற்றி எழுதி எனக்கும் அனுப்புங்கள். குறுவள மையக் கூட்டத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக்கிக்கொள்வோம்.

அடுத்த அக்டோபரில் அடுத்த பதிப்பு வரும். அப்போது புதிதாக என்ன வந்தது என்று பார்க்கும்போது, நம் பிள்ளை தனியாக உட்கார்ந்து படித்துப் புரிந்துகொள்ளும்படி அதில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.